டியூனிங்கை மாற்றினால் பேஸ் கிட்டாரின் நெக்குக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் பேஸ் வாசிக்கிறவர்கள் ஒரே சுருதியில் நிற்பது அரிது. சனிக்கிழமை தோட்டத்துக் கோயில் திருவிழா, ஞாயிறு காலையில் சேர்ச், மாலையில் கல்யாண வரவேற்பு. பாடகர் மாறினால் கட்டையும் மாறும். அதனால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வாசிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

கணக்குகள் எல்லாம் 34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) உள்ள நாலு ஸ்ட்ரிங் பேஸ், 45-65-80-100 நிக்கல் ரவுண்ட்வூண்ட் செட் என்று வைத்துப் போட்டவை. 1951இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டு வந்ததிலிருந்து 34 அங்குலம்தான் வழக்கமான அளவு. கடையில் சொல்லும் 45, 65 என்ற எண்கள் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு; 45 என்றால் 1.14 மி.மீ. தடிமன்.

பாடகருக்காக அரைக் கட்டை இறக்கிக் கட்டச் சொல்கிறார்கள். நெக் கெட்டுப் போகுமா அண்ணா?

கெடாது தம்பி. ஆனால் அசையும். எவ்வளவு அசையும் என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும்.

சாதாரண ஈ-ஏ-டி-ஜி டியூனிங்கில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் 16 முதல் 23 கிலோ வரை இழுக்கிறது. நாலும் சேர்ந்தால் ஏறக்குறைய 78 கிலோ. ஒரு பெரிய ஆளின் எடை அந்த ஒல்லியான மரத்தை இரவு பகலாக முன்பக்கம் வளைக்கப் பார்க்கிறது. நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பி அதை எதிர்த்துப் பின்பக்கம் இழுக்கிறது. இந்த இரண்டும் சமப்பட்டு நிற்கிற இடத்தில்தான் உங்கள் செட்டப் இருக்கிறது.

ஸ்ட்ரிங்கின் இழுவை, அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறும், இறங்கும். அரை சுரம் இறக்கினால் அதிர்வெண் 6 சதவீதம்தான் குறையும், இழுவையோ 11 சதவீதம் குறைந்துவிடும். நாலு ஸ்ட்ரிங்கையும் அரை சுரம் இறக்கினால் நெக்கின் மேலிருந்து எட்டரைக் கிலோ போய்விடுகிறது. ஒரு முழு சுரம் என்றால் 16 கிலோ. ஒன்றாம் கட்டைக்கு, அதாவது சி வரைக்கும் இறக்கினால் 29 கிலோ. டிரஸ் ராட் மட்டும் பழைய பலத்தோடு இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் நெக் நிமிரும், ஸ்ட்ரிங் ஃபிரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கிட்ட இறங்கும், முதல் ஐந்து ஃபிரெட்டுகளுக்குள் கரகரக்கத் தொடங்கும். எல்லாருக்கும் வருகிற தொல்லை இதுதான். இது மரம் கெட்டதால் வருவதில்லை, சமநிலை நகர்ந்ததால் வருகிறது.

கட்டைக்கும் ஸ்ட்ரிங்குக்கும் என்ன கணக்கு?

ஒன்றாம் கட்டை சி. இரண்டு என்றால் டி, இரண்டரை என்றால் ஈ ஃபிளாட், மூன்று என்றால் ஈ. அதாவது சாதாரண டியூனிங்கில் உங்கள் தடித்த ஸ்ட்ரிங் திறந்தபடி, அதாவது விரல் அழுத்தாமல், மூன்று கட்டையில் நிற்கிறது. பாட்டு இரண்டரைக் கட்டையில் என்றால் அரை சுரம் இறக்கிய டியூனிங்கில் திறந்த ஸ்ட்ரிங்கே சட்ஜமாக விழும். நாதஸ்வரத்தோடு சேர்ந்து வாசிக்கிற திருவிழா மேடைகளில் இரண்டும் இரண்டரையும் அடிக்கடி வரும். அங்கே அந்தத் திறந்த சட்ஜம் கிடைப்பது பெரிய சுகம். நடை முழுவதும் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

கீபோர்ட்காரர் சுருதி மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டுப் பேசாமல் இருக்கிறார். நான் மட்டும் ஏன் நாலு ஸ்ட்ரிங்கையும் திருக வேண்டும்?

திருக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. ஒரு பாட்டுக்காக என்றால் கையை ஒரு ஃபிரெட் தள்ளி வாசியுங்கள். திறந்த ஸ்ட்ரிங்கை நம்பாமல் வாசிக்கப் பழகினால் எந்தக் கட்டையும் உங்களுக்கு ஒன்றுதான். டியூனிங்கை இறக்குவது இரண்டு காரணங்களுக்கு மட்டும் சரி: சட்ஜம் ஈக்குக் கீழே போகிறது, அல்லது நிகழ்ச்சி முழுவதும் அந்தக் கட்டையிலேயே ஓடப் போகிறது.

டிராப் டி மட்டும் பாவிக்கிறேன். டிரஸ் ராடைத் தொட வேண்டுமா?

வேண்டாம். ஈ ஸ்ட்ரிங் மட்டும்தான் டிக்கு இறங்குகிறது. மொத்த 78 கிலோவில் மூன்றரைக் கிலோகூடக் குறையாது, நெக் அதைக் கண்டுகொள்ளாது. அந்த ஒரு ஸ்ட்ரிங் தளர்ந்து அகலமாக ஆடுவதால் கரகரத்தால் அதன் சேடிலை (உடம்புப் பக்கம் ஸ்ட்ரிங் தங்கும் சிறு தாங்கி) மட்டும் ஒரு சிறு திருகு உயர்த்துங்கள். அதைவிடக் கையை மெதுவாகப் போடுவது நல்லது.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: ஈயை டிக்கு இறக்கியதும் மற்ற மூன்றும் துளி ஏறியிருக்கும். ஒரு பக்கம் இழுவை விட்டதும் நெக் கொஞ்சம் பின்னுக்குப் போய் மற்ற ஸ்ட்ரிங்குகளை இழுக்கிறது. அதனால் எந்த டியூனிங்குக்கு மாறினாலும் ஒரு சுற்று கட்டி முடித்துவிட்டு முதல் ஸ்ட்ரிங்கிலிருந்து இன்னொரு சுற்று பாருங்கள்.

நெக் நிமிர்ந்துவிட்டதா, வளைந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கண்ணை ஒரு முனையில் வைத்துப் பார்ப்பார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கு அது போதும். மற்றவர்கள் அளந்து பார்ப்பதுதான் நல்லது.

வாசிக்கப் போகிற டியூனிங்கில் கட்டுங்கள். பேஸை வாசிக்கிற நிலையிலேயே மடியில் வையுங்கள், மேசையில் படுக்க வைத்தால் அளவு மாறும். முதல் ஃபிரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். வலது கையால் ஈ ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்துங்கள். இப்போது அந்த ஸ்ட்ரிங்கே உங்கள் அடிமட்டம். ஏழாம் எட்டாம் ஃபிரெட்டுக்கு மேலே ஸ்ட்ரிங்குக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ரிலீஃப். ஃபிரெட்போர்டின் வளைவைப் பொறுத்து 0.25 முதல் 0.35 மி.மீ. இருந்தால் சரி.

அளக்க ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) வேண்டும். புதிதாக வாங்கத் தேவையில்லை. ஓட்டோ திருத்துகிற எந்தக் கராஜிலும் டாப்பெட் அளக்க ஒன்று வைத்திருப்பார்கள், எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பாவியுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் சாதாரண விசிட்டிங் கார்டு ஏறக்குறைய 0.3 மி.மீ. இருக்கும். கார்டு ஸ்ட்ரிங்கைத் தூக்காமல் உரசிக்கொண்டு நுழைந்தால் நீங்கள் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். எட்டாம் ஃபிரெட்டில் ஸ்ட்ரிங்கை விரலால் தட்டிப் பாருங்கள். ‘டிக்’ என்று சின்னச் சத்தம் வர வேண்டும். சத்தமே வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் நெக் நிமிர்ந்துவிட்டது அல்லது பின்னுக்கு வளைந்துவிட்டது.

எங்கே கரகரக்கிறது என்பதை வைத்துக் காரணம் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதல் ஐந்தாறு ஃபிரெட்டில் என்றால் ரிலீஃப் போதவில்லை. 12க்கு மேலே மட்டும் என்றால் ரிலீஃப் அதிகம் அல்லது சேடில் தாழ்வு. எல்லா இடத்திலும் என்றால் ஆக்‌ஷன் (ஸ்ட்ரிங்கின் உயரம்) மொத்தமாகத் தாழ்ந்துவிட்டது. திறந்த ஸ்ட்ரிங்கில் மட்டும் என்றால் நட்டை (தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் பள்ளத்தில் உட்காரும் துண்டு) பாருங்கள். ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் என்றால் பக்கத்து ஃபிரெட் எழும்பியிருக்கும், அதற்கும் டியூனிங்குக்கும் சம்பந்தமில்லை.

டிரஸ் ராடை நானே திருகலாமா? உடைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

திருகலாம். இது மெக்கானிக்குகளுக்கு மட்டும் உரிய ரகசியம் இல்லை. திருகிச் சரிசெய்யக்கூடிய டிரஸ் ராடுக்கு கிப்சன் நிறுவனத்தின் தடியஸ் மெக்ஹியூ காப்புரிமை பெற்றது 1923இல். வாசிக்கிறவர் சரிசெய்துகொள்ளட்டும் என்றுதான் அதன் தலையை வெளியே எட்டும்படி விட்டிருக்கிறார்கள். சில பேஸில் அது தலைப்பக்கம் நட்டுக்குப் பின்னால் இருக்கும், பழைய பாணியில் செய்ததில் நெக் உடம்போடு சேரும் இடத்தில் இருக்கும்.

இறக்கிக் கட்டியதால் நெக் நிமிர்ந்திருந்தால் ராடைத் தளர்த்த வேண்டும்: இடஞ்சுழியாக, ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு. மீண்டும் சுருதி கட்டுங்கள், அளந்து பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு எட்டில் ஒரு பங்கு. ஒரே நாளில் கால் சுற்றுக்கு மேல் போக வேண்டாம். மரம் உடனே முழுவதும் நகராது, மறுநாள் காலையில் பார்த்தால் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். மேலே ஏற்றிக் கட்டும்போது இதற்கு நேர்மாறு: வலஞ்சுழியாக இறுக்க வேண்டும். இறுக்கும்போது ஸ்ட்ரிங்குகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத் திருகினால் ராடுக்குச் சுமை குறையும்.

சாவி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். அளவு சரியில்லாத எலன் கீயைப் போட்டு அறுகோணத்தை வட்டமாக்கிவிட்ட பேஸ்கள் என் கைக்கு வந்திருக்கின்றன. ராட் நன்றாகத்தான் இருக்கும், பிடிக்க மட்டும் எதுவும் இருக்காது. அதைத் திருத்துவது பெரிய வேலை. அங்குல அளவும் மில்லிமீட்டர் அளவும் கிட்டக்கிட்ட வந்து ஏமாற்றும். சாவி ஆடாமல் ஆழமாக உட்கார்ந்தால் மட்டும் திருகுங்கள். திருகும்போது பலம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

நெக்கைத் தொடாமலே இறக்கிக் கட்ட வழி உண்டா?

உண்டு. நிரந்தரமாக இறக்கி வாசிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: டியூனிங் இறங்குகிற அளவுக்கு ஸ்ட்ரிங்கைத் தடிப்பாக்குங்கள்.

ஒரு அரை சுரத்துக்கு 6 சதவீதம் தடிமன் கூட்டினால் இழுவை பழைய இடத்துக்கே வந்துவிடும். 45-65-80-100 செட்டை அப்படிக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 48-69-85-106 வரும். கடையில் கிடைக்கும் 50-70-85-105 செட் அதற்கு மிகக் கிட்ட. முழு சுரம் இறக்குகிறவர்களுக்கு 55-75-90-110. இப்படி மாற்றினால் நெக் தான் இறங்கிக் கட்டப்பட்டதையே அறியாது. கைக்கும் பழைய விறைப்பே கிடைக்கும். என் அனுபவத்தில் தளர்ந்த மெல்லிய ஸ்ட்ரிங்கோடு போராடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மலைநாட்டுச் சின்ன டவுன் கடைகளில் 45 செட் ஒன்றுதான் இருக்கும். கண்டியிலோ கொழும்பிலோ சொல்லி எடுப்பிக்க வேண்டும். திருவிழாக் காலம் தொடங்கும் முன்பே சொல்லி வையுங்கள்.

நாலு ஸ்ட்ரிங் பேஸில் பி-ஈ-ஏ-டி கட்டலாமா?

கட்டலாம், பழைய ஸ்ட்ரிங்கிலேயே வேண்டாம். ஈயை பி வரைக்கும் இறக்கினால் இழுவை 44 சதவீதம் விழும், மொத்தத்தில் 34 கிலோ போய்விடும். ஸ்ட்ரிங் தொங்கும், சுருதி நிற்காது. ஐந்து ஸ்ட்ரிங் செட் ஒன்று வாங்கி அதில் ஜியை விட்டுவிட்டு 65-85-105-130 என்று போடுங்கள். அதன் மொத்த இழுவை 79 கிலோ அளவில் வரும். எவ்வளவு அழகான விஷயம் பாருங்கள்: டியூனிங் இரண்டரை சுரம் இறங்கியும் நெக்கின் மேல் உள்ள பாரம் ஏறக்குறைய அதேதான்.

அங்கே வேலை நெக்கில் இல்லை, நட்டில் இருக்கிறது. 100க்கு வெட்டிய பள்ளத்தில் 130 உட்காராது. மேலே நிற்கும், முதல் ஃபிரெட்டில் சுருதி ஏறி ஒலிக்கும். பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. அரத்தில் பழக்கம் இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிறகு 45க்குத் திரும்பிப் போக நினைத்தால் புது நட் போட வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்த பி 31 ஹெர்ட்ஸில் இருக்கிறது. திருவிழாவுக்கு வாடகைக்கு வருகிற பெட்டிகள் பல அந்த ஆழத்தைத் தராது. கூட்டத்துக்குக் கேட்பது அதற்கு மேலே உள்ள 62 ஹெர்ட்ஸ்தான். நெக்கை மாற்றும் முன் நீங்கள் வழக்கமாக வாசிக்கும் இடத்துப் பெட்டியை நினைத்துப் பாருங்கள்.

ரிலீஃப் சரியாக்கிவிட்டேன். அதோடு முடிந்ததா?

இல்லை, அதற்குப் பிறகுதான் ஆக்‌ஷன். 17ஆம் ஃபிரெட்டில் ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். தளர்ந்த ஸ்ட்ரிங் அகலமாக ஆடும் என்பதால் இறக்கிக் கட்டியவர்கள் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இன்டோனேஷன், அதாவது எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக விழுகிறதா என்று பார்ப்பது. 12ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்தி வாசித்ததையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சேடிலைப் பின்னுக்கு, இறங்கி நின்றால் நெக் பக்கம். தளர்ந்த ஸ்ட்ரிங்கை அழுத்தினால் சுருதி அதிகமாக ஏறும், அதனால் இறக்கிக் கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் பின்னுக்குத்தான் போக வேண்டிவரும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நெக்கைச் சரிசெய்யாமல் சேடிலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் எல்லாம் திரும்பத் தொடக்கத்துக்கு வந்துவிடும்.

ஒரே நிகழ்ச்சியில் இரண்டு டியூனிங் வேண்டும். பேஸ் ஒன்றுதான் இருக்கிறது.

எது தாழ்ந்ததோ அதற்கு செட்டப் செய்யுங்கள். ரிலீஃப் குறைவது அங்கேதான். அங்கே கரகரக்காவிட்டால் மேலே ஏற்றும்போது ஆக்‌ஷன் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான், வாசிக்கலாம். மேலே உள்ளதற்குச் செட்டப் செய்துவிட்டுக் கீழே இறங்கினால் மேடையில் அவஸ்தை. பாட்டு வரிசையையும் டியூனிங் வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஏற்றி இறக்கினால் நெக் எங்கேயும் நிலைகொள்ளாது.

இறக்கும்போது நட்டில் ‘டிங்’ என்று சத்தம் வந்து சுருதி குதிக்கிறது.

ஸ்ட்ரிங் பள்ளத்தில் சிக்கி விடுபடுகிறது. பென்சில் முனையைப் பள்ளத்தில் தேயுங்கள், அந்தக் கரித்தூள் போதும். எப்போதும் குறிவைக்கும் சுருதிக்குக் கீழே போய்விட்டு ஏற்றிக் கட்டுங்கள்.

ஹட்டனில் சரியாக இருந்த பேஸ் பண்டாரவளைக்குப் போனதும் மாறிவிடுகிறது. டியூனிங்கை நான் தொடவே இல்லை.

நம்புகிறேன். இது நம் ஊருக்கே உரிய சிக்கல். ஜூலையில் ஹட்டன் பக்கம் தென்மேல் பருவ மழை, சுவரே வியர்க்கும். அதே மாதம் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும், ஊவாத் தேயிலையின் நல்ல சீசனே அந்தக் காற்றில்தான். சில மணி நேர ரயில் பயணத்தில் ஈர மரம் காய்ந்த காற்றுக்குள் போகிறது. மரம் ஈரம் குடித்தாலும் விட்டாலும் நெக் நகரும். எந்தப் பக்கம் நகரும் என்பது ஒவ்வொரு மரத் துண்டுக்கும் வேறு, அதனால் ஊகிக்காமல் கார்டைப் போட்டுப் பாருங்கள்.

ஸ்ட்ரிங் உலோகத்துக்கு இன்னொரு கணக்கு. ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் பெட்டியைத் திறந்ததும் சுருதி ஏறியிருக்கும். 1,868 மீட்டர் உயரத்துக் குளிரில் ஸ்ட்ரிங் சுருங்கி இறுகுகிறது. மேடை விளக்கு பட்டதும் திரும்ப இறங்கும். இதற்கெல்லாம் டிரஸ் ராடைத் தொடாதீர்கள். பேஸை உறையிலிருந்து எடுத்து அரை மணி நேரம் மேடைக் காற்றில் விட்டுவிட்டுச் சுருதி கட்டுங்கள்.

வீட்டில் அடுப்படிச் சுவரில் மாட்டி வைக்காதீர்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் அடுப்பு எரியும் நேரம் காய்ந்து, இரவில் மூடுபனி இறங்கி நனைந்து, ஒரு நாளைக்கு இரண்டு முறை நெக்குக்குப் பருவம் மாறும். உறைக்குள் வைத்து, சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே போட்டு, படுக்கை அறையில் வையுங்கள்.

என்னுடையது 30 அங்குல ஷார்ட் ஸ்கேல். இதே கணக்கா?

சதவீதம் அதே. ஆனால் அதே ஸ்ட்ரிங்கும் அதே சுருதியும் 30 அங்குலத்தில் 22 சதவீதம் குறைவாகத்தான் இழுக்கும். அதாவது நீங்கள் ஏற்கெனவே ஒரு முழு சுரம் இறக்கிய விறைப்பில்தான் வாசிக்கிறீர்கள். இன்னும் இறக்க வேண்டுமென்றால் தடித்த செட் கட்டாயம்.

ராடை முழுவதும் தளர்த்தியும் நெக் பின்னுக்கே வளைந்து நிற்கிறது.

உங்கள் ராட் ஒரு பக்கம் மட்டும் இழுக்கிற வகையாக இருக்கலாம். அது ஸ்ட்ரிங்கை எதிர்க்க மட்டும்தான் தெரிந்தது, நெக்கை முன்னுக்குத் தள்ளத் தெரியாது. இரு பக்கமும் வேலை செய்கிற ராட் என்றால் தளர்ந்த இடத்தைத் தாண்டி இன்னும் இடஞ்சுழியாகத் திருக, முன்னுக்குத் தள்ளத் தொடங்கும். ஒரு பக்க ராட் உள்ளவர்கள் தடித்த செட் போட்டு ஓரிரு வாரம் முழுச் சுருதியில் விட்டுப் பாருங்கள். பல நெக் திரும்பி வரும். வராவிட்டால் ஃபிரெட்டைக் கழற்றிச் சமப்படுத்துகிற வேலை, அது திருத்துநரின் மேசையில்தான்.

திருவிழாக் காலம் முடிந்தால் மாதக்கணக்கில் வாசிப்பதில்லை. ஸ்ட்ரிங்கை முழுவதும் தளர்த்தி வைக்கச் சொல்கிறார்களே?

முழுவதும் தளர்த்தாதீர்கள். 78 கிலோ ஒரேயடியாகப் போய்விட, இறுக்கி வைத்த ராட் மட்டும் மாதக்கணக்கில் நெக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். வழக்கமான டியூனிங்கிலேயே விடுங்கள், மனம் கேட்காவிட்டால் அரை சுரம் இறக்கி விடுங்கள். ஸ்ட்ரிங்கைத் துணியால் துடைத்து வையுங்கள், மழைக்காலத்தில் கை வியர்வை பட்ட இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துச் சுருதி பார்த்து, கார்டைப் போட்டு ரிலீஃபையும் பார்த்துவிட்டு வையுங்கள்.